லூமில் பின்னும் சதுரப் போர்வை: 4 சதுரம், 4 அளவு, ஓரமெல்லாம் சுருட்டல்

பிப்ரவரி 3, காலை 9.40 (கேள்வி)

வட்டப் பின்னல் லூம் (சுற்றிலும் முளைகள் நிற்கும் சட்டம், முளைகளில் நூலைச் சுற்றிக் கொக்கியால் பின்னுவது), 24 முளை. சதுரம் சதுரமாகப் பின்னிக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வை ஆக்குவதாகத் திட்டம். 30 வேண்டும், 4 முடிந்திருக்கிறது. எல்லாமே 16 முளை, எல்லாமே ஈ-ராப் (நூலை ஒவ்வொரு முளையிலும் முழுச் சுற்றாகச் சுற்றிப் பின்னுவது). இருந்தும் ஒன்று 19 செ.மீ., ஒன்று 22. மற்ற இரண்டும் அடியில் அகலம், மேலே குறுகல். மேசையில் வைத்தால் காய்ந்த இலை மாதிரி சுருண்டுகொள்கிறது. தைத்துவிட்டால் சுருட்டல் தானாகப் போய்விடும் என்கிறார்கள். லூமில் இருக்கும்போதே ஸ்கேல் வைத்து 20 செ.மீ. வந்த பிறகுதான் இறக்கினேன். எங்கே தப்பு?

பிப்ரவரி 3, பகல் 11.15

ஸ்கேலில்தான் தப்பு. லூமில் மாட்டியிருக்கும்வரை துணியை அகலவாக்கில் முளைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நீளத்தை அளக்கும்போது கையும் கொஞ்சம் இழுக்கும், அதுவும் தினம் ஒரே மாதிரி இழுக்காது. இறக்கியதும் அகலம் உள்வாங்கும், நீளமும் மாறும். ஒரு இரவு கிடந்தால் இன்னும் கொஞ்சம் மாறும். ஆகவே லூமில் செ.மீ. பார்க்காதீங்க. வரிசையை மட்டும் எண்ணுங்க.

எத்தனை வரிசை என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. உங்கள் நூல், உங்கள் கை, உங்கள் லூம் மூன்றும் சேர்ந்துதான் அதைச் சொல்லும். 16 முளையில் 32 வரிசை பின்னி இறக்கி, இரவு முழுக்கச் சும்மா போட்டுவிட்டுக் காலையில் முக்கோணமாக மடிங்க. ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் சதுரம். நீளவாக்கில் மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மிச்சத்தில் எத்தனை வரிசை என்று எண்ணிக் கழிச்சுடுங்க. கிடைக்கிற எண்ணைத் தாளில் எழுதி லூமிலேயே ஒட்டிவிடுங்க. 30 சதுரத்துக்கும் அதுதான்.

பிப்ரவரி 3, பகல் 11.50

சுருட்டலைப் பற்றி மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். அது உங்கள் பிழை இல்லை. முளையில் இருக்கும் நூல் வளையத்தை, அதாவது கண்ணியை, புது நூலின் மேல் தாண்டவிடும் சாதாரணப் பின்னல்தான் நிட். எல்லா வரிசையும் நிட் போட்டால் முன்பக்கம் முழுக்க வி வடிவம், பின்பக்கம் முழுக்க மேடு. இரண்டு பக்கமும் சமமாக இழுக்காது. அதனால் இடது வலது ஓரங்கள் பின்னால் சுருளும், மேல் கீழ் ஓரங்கள் முன்னால் சுருளும். ஈ-ராப்பும் நிட்தான், கண்ணி கொஞ்சம் முறுக்கிக்கொண்ட நிட்.

தைத்தால் போகும் என்பது பாதி உண்மை. நடுவில் இருக்கும் ஓரங்கள் பக்கத்துச் சதுரத்தோடு மாட்டிக்கொண்டு படுத்துவிடும். ஆனால் சுருண்ட ஓரத்தை விரித்துப் பிடித்துத் தைப்பது பெரிய அவஸ்தை. வெளி ஓரம் எப்படியும் சுருளும். சதுரத்தைச் சுற்றி 2 முளை பார்டர் மட்டும் கார்ட்டர் (இரண்டு பக்கமும் மேட்டுக்கோடு வரும் பின்னல்) போட்டாலும் போதாது, பார்டரையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகும்.

முழுச் சதுரமும் கார்ட்டரில் பின்னுங்க. தட்டையாகக் கிடக்கும்.

பிப்ரவரி 3, மாலை 6.20 (கேட்டவர்)

ஊசியில் பின்னுகிற அக்கா ஒருவர், எல்லா வரிசையும் நிட் போட்டாலே கார்ட்டர்தான் என்கிறார். நானும் எல்லா வரிசையும் நிட்தானே போட்டேன்?

பிப்ரவரி 3, இரவு 7.05

அக்கா சொல்வது ஊசிக்குச் சரி. ஊசியில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் துணியைத் திருப்புகிறோம், அதனால் இந்த வரிசையின் நிட் மறுபக்கத்திலிருந்து பர்ல், அதாவது மேடு தெரியும் தலைகீழ் நிட், ஆகிவிடுகிறது. லூமில் துணியைத் திருப்புவதே இல்லை. எப்போதும் முன்பக்கம் நம்மைப் பார்த்தே இருக்கும். ஆகவே ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் லூமில் கார்ட்டர். ஊசிக்கு எழுதிய குறிப்பை அப்படியே லூமில் பின்னினால் ஏன் வேறு துணி வருகிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

பிப்ரவரி 4, காலை 8.30

பர்ல் கேட்டால் பலர் லூமை எடுத்துப் பரணில் போட்டுவிடுவார்கள். அவ்வளவு மோசமில்லை. ஒரு முளையை மட்டும் பக்கத்தில் பார்ப்போம்.

முளையில் ஒரு கண்ணி இருக்கிறது. நூலை முளையின் முன்னால், அந்தக் கண்ணிக்குக் கீழே கொண்டு வாங்க. கொக்கியை மேலிருந்து கீழாகக் கண்ணிக்குள் விட்டு, கீழே கிடக்கும் நூலைப் பிடித்து மேலே இழுங்க. கொக்கியில் புதுக் கண்ணி நிற்கும். பழைய கண்ணியை முளையிலிருந்து கழற்றி, புதியதை முளையில் மாட்டி, நூலை லேசாக இழுங்க. லேசாக. இங்கே இறுக்கினால் அடுத்த வரிசையில் கொக்கி நுழையாது, கண்ணியைத் தூக்கும்போது நூலிழை பிளந்துவிடும்.

சந்தேகம் வந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: பர்ல் போட்ட கண்ணியின் காலடியில் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும், நிட்டில் இருக்காது. எந்த வரிசையில் விட்டோம் என்று மறந்துபோனாலும் அந்த மேடு சொல்லிவிடும். கார்ட்டரில் வரிசை எண்ணுவதும் சுலபம். ஒரு மேட்டுக்கோடு 2 வரிசை. 16 கோடு என்றால் 32.

பிப்ரவரி 4, காலை 9.10

அடியில் அகலம், மேலே குறுகல் என்று சொன்னீர்களே, அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். லூமில் இப்போது இருப்பதை எண்ணிப் பாருங்க. 16 இல்லாமல் 15 அல்லது 14 இருந்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். வரிசை திரும்பும் இடத்தில் கடைசி முளை நழுவிப் போகிறது. முதல் முளையிலும் 16-வது முளையிலும் ரப்பர் பேண்டு மாட்டிவிடுங்க, கண் தப்பாது.

16 சரியாக இருந்தால் குற்றம் முடிக்கும் முறையில். கண்ணி ஏற்றுவதை (தொடக்கத்தில் முளைகளில் முதல் கண்ணிகளைப் போடுவதை) ஈ-ராப்பில் தொளதொளவென்று செய்துவிட்டு, இறக்கும்போது ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை அப்படியே இழுத்துக்கொண்டே போனால் மேல் ஓரம் நிச்சயம் இறுகும். அந்த முறையில் புதிதாக நூலே சேர்வதில்லை, இருக்கிற கண்ணிகளையே ஒன்றுக்குள் ஒன்று நெருக்குகிறோம். அதற்குப் பதில் இரண்டு கண்ணியைக் கொக்கியில் எடுத்து, நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுங்க. பிறகு அடுத்த கண்ணி, மறுபடி நூல். லூமின் கொக்கியை விடத் தடித்த குரோஷே ஊசி (முனையில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்றும்போதும் குரோஷே ஊசியால் முளைகளுக்கு இடையே சங்கிலி போட்டு ஏற்றினால் கீழ் ஓரமும் மேல் ஓரமும் ஒரே முகம் கொண்டிருக்கும். எது கீழ், எது மேல் என்று தேட வேண்டியதில்லை.

தொப்பி முடிப்பது போல எல்லாக் கண்ணியிலும் நூலைக் கோத்துச் சுருக்குபவர்களும் உண்டு. அப்புறம் கிடைப்பது சதுரம் இல்லை, சுருக்குப் பை.

பிப்ரவரி 6, இரவு 9.00 (கேட்டவர்)

கார்ட்டரில் 16 முளை, 32 வரிசை போட்டேன். ஓரம் படுத்துக் கிடக்கிறது! ஆனால் முக்கோணமாக மடித்தால் 4 வரிசை மிச்சம்.

பிப்ரவரி 6, இரவு 9.25

அப்படியானால் உங்கள் எண் 28. கார்ட்டரில் முளைக்கு 2 வரிசை என்பது ஊசிக்காரர்களின் கணக்கு. ஈ-ராப் நிட் உயரமாக உட்காரும், அதனால் 2 முதல் 4 வரிசை குறைவது வழக்கம். நிட் வரிசையை ஈ-ராப்புக்குப் பதில் யூ-ராப்பில் போட்டால், அதாவது நூலை முளையைச் சுற்றிக் குறுக்கே கடக்கவிடாமல் முன்னால் மட்டும் அணைத்து எடுத்தால், கணக்கு 32-க்கு அருகில் வரும். எதுவானாலும் சரி, நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும். பழைய 4 சதுரத்தை இதில் சேர்க்காதீங்க. பிரித்து நூலை எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 7, காலை 7.45

ஓர முளையைப் பற்றி ஒரு விஷயம். தைக்கும்போது இது பெரிய வித்தியாசம் காட்டும். வரிசை முடிந்து திரும்பும்போது அந்தக் கடைசி முளையைப் பின்னாமல் விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிங்க. வரிசையின் கடைசி முளையை மட்டும் எப்போதும் நிட் போடுங்க, பர்ல் வரிசையிலும் கூட. ஓரத்தில் சடைபோல ஒரு சங்கிலி நிற்கும், 2 வரிசைக்கு ஒரு சங்கிலிக் கண்ணி. 28 வரிசைக்கு 14. தைக்கும்போது 14-ஐ 14-ஓடு சேர்த்தால் முடிந்தது, ஊசியை எங்கே குத்துவது என்று யோசிக்க வேண்டாம்.

சிலவற்றில் ஓரத்தை விட்டுப் பின்னி, சிலவற்றில் விடாமல் பின்னினால் இரண்டும் பொருந்தாது. எந்தப் பக்கம் போனாலும் 30-க்கும் அதே பக்கம்.

பிப்ரவரி 9, மாலை 5.10 (கேட்டவர்)

நூல் எவ்வளவு வாங்குவது? சதுரத்தின் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, அது சரியா?

பிப்ரவரி 9, மாலை 6.40

வெளிச்சம் தெரிந்தால் முளைகளின் இடைவெளிக்கு நூல் மெலிசு. அகன்ற இடைவெளி லூமில் சாதாரண தடிமன் நூல் ஒற்றை இழையாக வலை மாதிரிதான் வரும். இரண்டு இழையைச் சேர்த்துப் பிடிங்க, அல்லது தடித்த நூல் வாங்குங்க. இரண்டு இழை என்றால் இரண்டு தனிக் கண்டு. ஒரே கண்டின் உள்முனையையும் வெளிமுனையையும் சேர்த்து இழுத்தால் கடைசியில் சிக்கெடுக்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.

இரட்டை இழையில் அடிக்கடி நடக்கும் பிழை: கொக்கி ஒரு இழையை மட்டும் தூக்கும், இன்னொன்று முன்னால் சும்மா தொங்கும். இரண்டு வரிசை கழித்துத்தான் கண்ணில் படும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்க.

அளவுக்கு ஒரு சதுரத்தைச் சமையலறைத் தராசில் வைங்க. 42 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 30 சதுரத்துக்கு 1,260 கிராம். தைக்கவும் பார்டருக்கும் 15 சதவீதம், 189 கிராம். மொத்தம் 1,449. 100 கிராம் கண்டாக 15. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்க. லேபிளில் சாய எண் இருக்கும், எண் மாறினால் ஒரே நிறமும் பக்கத்தில் வைக்கும்போது வேறாகத் தெரியும். அக்ரிலிக்கையும் பருத்தியையும் கம்பளியையும் ஒரே போர்வையில் கலக்க வேண்டாம். துவைத்ததும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சுருங்கும், நன்றாகக் கிடந்த போர்வை மேடும் பள்ளமும் ஆகும்.

பிப்ரவரி 12, காலை 10.00

இன்னொரு யோசனை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 5-க்கு 6 என்று அடுக்கினால் 30 சதுரத்துக்கு 49 இணைப்பு. 24 நெடுக்கு, 25 குறுக்கு. அதற்குப் பதில் 5 நீளப் பட்டை பின்னுங்க. ஒவ்வொன்றிலும் 28 வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றி 6 நிறம். பார்க்கச் சதுரம்தான், ஆனால் தைக்க வேண்டியது 4 நெடுங்கோடு மட்டும். ஏற்றுவதும் இறக்குவதும் 30 தடவைக்குப் பதில் 5 தடவை. வேலை வெகுவாகக் குறையும், நூல் வாலும் குறையும்.

பிப்ரவரி 12, பகல் 1.30

மேலே கடைசி வரி தப்பு. வால் குறையாது. நிறம் மாறும் இடத்திலெல்லாம் இரண்டு வால் உண்டு, கூட்டினால் அதே 60. இரட்டை இழையில் 120 முனை. ஒரே நிறப் பட்டை என்றால்தான் குறையும்.

பட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு. பிழை வந்தால் சதுரத்தில் ஒரு சதுரம்தான் போகும், பட்டையில் பிரிக்கப் பிரிக்க வரும். பழகும்வரை சதுரம், கை படிந்த பிறகு பட்டை. இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தாலும் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 13, இரவு 8.15

பட்டை பின்னுகிறவர்கள் ஊசியே எடுக்காமல் சேர்க்கலாம். முதல் பட்டை முடிந்தது, இரண்டாவதைப் பின்னும்போது சேரும் பக்கத்துக் கடைசி முளைக்கு வந்ததும் நில்லுங்க. முதல் பட்டையின் ஓரச் சங்கிலியில் ஒரு கண்ணியை, அதன் இரண்டு காலையும் சேர்த்து, அந்த முளையில் மாட்டுங்க. இப்போது முளையில் இரண்டு கண்ணி. நூலைச் சுற்றி இரண்டையும் சேர்த்துத் தாண்டவிடுங்க. 2 வரிசைக்கு ஒருமுறை அந்தப் பக்கம் வருகிறோம், 2 வரிசைக்கு ஒரு சங்கிலி இருக்கிறது. கணக்கு தானாக ஒத்துப்போகும். ஒரு சங்கிலியைத் தவறவிட்டால் மட்டும் பட்டை அந்த இடத்தில் புடைக்கும். 7 சங்கிலிக்கு ஒருமுறை பாதுகாப்பு ஊசி குத்தி வைத்தால் எங்கே தவறியது என்று தெரிந்துவிடும்.

பிப்ரவரி 15, காலை 11.00

10 செ.மீ. சதுரச் சட்டம், ஓரம் பூராவும் ஊசி முளை, அதில் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். செய்யலாம், ஆனால் அது பின்னல் இல்லை, நெசவு. நூல் மேலும் கீழுமாக ஊடு பாய்கிறது. சுருளாது, அளவு அதிகம் மாறாது, நீட்டினால் அதிகம் நீளாது. நம் போர்வை அளவுக்கு, அதாவது 100-க்கு 120 செ.மீ., அந்தச் சதுரம் 120 வேண்டும். பொறுமைசாலிகளுக்கு வாழ்த்துகள்.

பிப்ரவரி 20, காலை 9.30 (கேட்டவர்)

சதுரம் 22 ஆகிவிட்டது. தைப்பதைப் பற்றிச் சொல்லுங்க, நடுவில் பயந்து நிற்க வேண்டாம்.

பிப்ரவரி 20, பகல் 12.10

முதலில் எல்லாவற்றையும் தரையில் அடுக்கிப் போட்டோ எடுத்து, போனில் கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்க. அடர் நிறமெல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தால் அதில் பளிச்சென்று தெரியும். முடிவானதும் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துண்டுத்தாளைக் குத்திவிடுங்க.

சதுரங்களை ஒன்றுவிட்டு ஒன்று கால்வாசி திருப்பி வைத்தால் கோடுகள் பாய் முடைந்தது மாதிரி இருக்கும். கார்ட்டர் நீளவாக்கில் அதிகம் நீளும் துணி, திருப்பி வைத்தால் போர்வை ஒரே பக்கம் தொங்காது.

தைக்க இரட்டை இழை வேண்டாம், ஒற்றை இழை போதும். இரண்டு சதுரத்தையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி அருகருகே வைத்து, இரு முனையிலும் நடுவிலும் பாதுகாப்பு ஊசி போடுங்க. இடது சங்கிலியில் ஒரு குத்து, வலது சங்கிலியில் ஒரு குத்து, ஏணிப்படி மாதிரி. 5, 6 செ.மீ. ஆனதும் நூலை இழுத்து மூடி, உடனே அந்த இடத்தைக் கையால் விரித்துப் பாருங்க. துணி எவ்வளவு நீளுகிறதோ தையலும் அவ்வளவு நீள வேண்டும். இங்கே இறுக்கினால் போர்வை முழுக்க மடிப்பு விழும்.

சதுரங்களை வரிசை வரிசையாக முதலில் தைத்து முடித்துவிட்டு, பிறகு சதுர வரிசையோடு சதுர வரிசையைச் சேருங்க. நான்கு மூலை சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழும். அங்கே நான்கு மூலையையும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சுற்று பிடித்துவிட்டு மேலே போங்க.

பிப்ரவரி 20, பகல் 2.45

திருப்பி வைக்கச் சொன்னதில் ஒரு சிக்கல், இப்போதுதான் உறைத்தது. திருப்பினால் எல்லா இணைப்பிலும் ஒரு பக்கம் 14 சங்கிலி, மறுபக்கம் 16 கண்ணி. ஒவ்வொரு 8 கண்ணிக்கும் 7 சங்கிலி, அதாவது பாதிக்கு ஒருமுறை இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரே குத்தில் எடுக்க வேண்டும். எண்ண அலுப்பாக இருந்தால் திருப்பாமலே வைங்க, 14-க்கு 14, 16-க்கு 16. முதல் போர்வைக்கு அதுவே போதும்.

பிப்ரவரி 22, இரவு 10.05 (கேட்டவர்)

27-வது சதுரத்தில் 9-வது முளைக் கண்ணி நழுவி 5 வரிசை ஓடிவிட்டது. பிரிக்கணுமா?

பிப்ரவரி 22, இரவு 10.20

வேண்டாம். முதலில் நழுவிய கண்ணியில் பாதுகாப்பு ஊசி. மேலே ஏணிப்படி மாதிரி 5 நூல் குறுக்கே நிற்கும். குரோஷே ஊசியால் ஒரு படி முன்னாலிருந்து, அடுத்த படி பின்னாலிருந்து, மாறி மாறி ஏற்றுங்க. முன்னாலிருந்து ஏற்றினால் நிட், பின்னாலிருந்து ஏற்றினால் பர்ல். ஈ-ராப் வரிசையில் கண்ணியை ஒருமுறை முறுக்கிவிட்டு ஏற்றினால் பக்கத்துக் கண்ணிகளோடு ஒத்துப்போகும், முறுக்காவிட்டால் அந்த ஒரு தடம் மட்டும் வழவழப்பாகத் தெரியும்.

மார்ச் 1, காலை 8.00

வால்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, துவைத்த பிறகுதான் கேட்பார்கள். அக்ரிலிக் வழுக்கும். ஒரே திசையில் நுழைத்து வெட்டினால் இரண்டாவது துவையலில் எட்டிப் பார்க்கும். 15 செ.மீ. வால் விடுங்க, ஒரு பக்கம் 5 செ.மீ. நுழைத்துத் திரும்பி எதிர்ப்பக்கம் 5 செ.மீ. இரட்டை இழை என்றால் இரண்டையும் வேறு வேறு வழியில் நுழைங்க, மேடு தெரியாது.

மார்ச் 8, மாலை 4.30

பார்டர். குரோஷே தெரிந்தால் ஓரம் முழுக்க ஒற்றைக் குரோஷே 3 சுற்று, மூலைக் கண்ணியில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் 3. ஓரம் அலைபோல் நெளிந்தால் கண்ணி அதிகம், கிண்ணம் மாதிரி உள்ளே குவிந்தால் குறைவு. கால் மீட்டர் போட்டதும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்க, சுற்றி முடித்துவிட்டுப் பார்க்க வேண்டாம்.

குரோஷே தெரியாவிட்டால் 4 முளையில் கார்ட்டர் பட்டை, பிப்ரவரி 13-ல் எழுதியபடி ஓரத்தோடு சேர்த்துக்கொண்டே போகலாம். மூலை வந்ததும் சேர்க்காமல் 8 வரிசை பின்னிவிட்டுத் திரும்புங்க.

மார்ச் 8, இரவு 9.15

8 வரிசை சில நூலில் போதவில்லை, மூலை உள்ளே இழுக்கிறது. 10, 12 வரை பார்க்கலாம். மூலை சதுரமாக உட்கார்ந்தால் நிறுத்துங்க.

மார்ச் 11, காலை 10.40 (கேட்டவர்)

முடிந்தது. ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்குகிறது. இஸ்திரி போடலாமா?

மார்ச் 11, பகல் 12.00

அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டி துணியைத் தொடவே கூடாது. சூட்டில் நூல் தொய்ந்து பளபளவென்று ஆகிவிடும், திரும்ப வராது. தண்ணீர் தெளித்து, அந்த மூலையை இழுத்து ஊசி குத்தி, காயும்வரை விடுங்க. அப்போதும் தூக்கினால் அந்த மூலையில் 3-க்குப் பதில் 2 போட்டிருப்பீர்கள், எண்ணிப் பாருங்க.

மார்ச் 11, பகல் 12.35 (கேட்டவர்)

2-தான்.